சின்னஞ்சிறு சிசுவின் முதல் ஆகாரம்: மூளைக்கு இடும் அடித்தளம்

கடையில் வாங்கும் ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், அந்த எடை எவ்வளவு சிறியது என்பது புரியும். 28 வாரத்திலேயே பிறந்துவிடும் ஒரு குழந்தையின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். சில குழந்தைகள் அதில் பாதி எடையுடன்கூடப் பிறக்கின்றன.

அப்படிப்பட்ட குழந்தையைப் பெற்றவர்கள் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி, “பிழைத்துக்கொள்ளுமா?” என்பது. அந்தக் கண்டம் தாண்டியதும் அடுத்த கேள்வி, “இன்றைக்கு எத்தனை கிராம் ஏறியிருக்கிறது?” மூன்றாவதாக ஒரு கேள்வியும் அவர்கள் மனத்தில் இருக்கிறது. “இந்தப் பிள்ளை நாளைக்கு மற்றப் பிள்ளைகளைப் போல் நடக்குமா, பேசுமா, படிக்குமா?” அதை வாய்விட்டுக் கேட்கப் பலருக்குத் தைரியம் வருவதில்லை.

அந்த மூன்றாம் கேள்விக்கான விடையில் ஒரு பங்கு, பிறந்த முதல் சில வாரங்களில் குழந்தைக்குக் கிடைக்கும் ஆகாரத்தில் இருக்கிறது. எல்லாமே ஆகாரத்தால் வருவதன்று. மூளையில் இரத்தக்கசிவு, கிருமித்தொற்று, மூச்சுத்திணறல் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பல மனிதர் கையில் இல்லை. ஆகாரமோ மருத்துவர், தாதியர், தாய் ஆகியோரின் கையில் இருக்கிறது. அதனால்தான் அதைப் பற்றிப் பெற்றோர் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

எது குறைந்த எடை?

37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை. உலக அளவில் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று இவ்வாறு பிறக்கிறது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் இப்படிப் பிறந்த குழந்தைகள் சுமார் 1 கோடியே 34 இலட்சம் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

எடையைக் கொண்டு பார்த்தால், 2,500 கிராமுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை. 1,500 கிராமுக்குக் குறைந்தால் மிகவும் எடை குறைந்த குழந்தை. 1,000 கிராமையும் எட்டாதவை மிக மிகச் சிறிய குழந்தைகள். கடைசி இரு பிரிவினருக்குத்தான் ஆகார விஷயத்தில் மிகுந்த கவனம் தேவைப்படுகிறது.

கருவறையின் கடைசி மூன்று மாதம்

தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதம் குழந்தை வெறுமனே பருத்துக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மையில் மூளை மிக வேகமாக உருப்பெறும் காலம் அது. 34 வாரத்தில்கூடக் குழந்தையின் மூளை எடை, நிறைமாதத்தில் இருக்க வேண்டிய எடையில் சுமார் 65 விழுக்காடுதான். மீதி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடைசி ஆறு வாரத்தில் சேர்கிறது.

சிந்தனைக்கும் மொழிக்கும் அடிப்படையான மூளையின் மேலடுக்கு, 29 வாரத்திலிருந்து 41 வாரத்துக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகுவது ஸ்கேன் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. வழவழப்பாக இருந்த மூளையில் மடிப்புகள் விழுவதும், நரம்பு இழைகளுக்கு மின்கம்பியின் உறை போன்ற கொழுப்பு உறை போடும் வேலை சூடுபிடிப்பதும் இந்தக் காலத்தில்தான்.

இவ்வளவு வேலைக்கும் சரக்கு வேண்டும். உயிரணு கட்டப் புரதம், நரம்பு உறைக்குக் கொழுப்பு, வேலை நடக்கச் சர்க்கரை, கூடவே இரும்புச் சத்து, துத்தநாகம், அயோடின். இவை அனைத்தையும் நஞ்சுக்கொடி இரவு பகலாகத் தாயின் இரத்தத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. 28 வாரத்தில் குழந்தை பிறந்துவிட்டால் அந்த விநியோகம் ஒரே நொடியில் நின்றுபோகிறது. மூளையின் தேவை மட்டும் நிற்பதில்லை.

சேமிப்பு இல்லாத உடல்

நிறைமாதக் குழந்தையின் உடலில் கொழுப்பு போதிய அளவு இருக்கும். அதனால் தாய்ப்பால் ஊறும் வரை இரண்டு மூன்று நாள் சீம்பாலோடு சமாளித்துக்கொள்கிறது. ஒரு கிலோ குழந்தைக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. ஆகாரமே இல்லாவிட்டால் அதன் உடற்சேமிப்பு நான்கைந்து நாள்களுக்கு மேல் தாங்காது என்று கணக்கிட்டுள்ளனர். நிறைமாதக் குழந்தைக்கு அதே சேமிப்பு ஏறத்தாழ ஒரு மாதம் வரும்.

தேவையோ மிக அதிகம். இத்தகைய குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 115 முதல் 140 கலோரியும் 3.5 முதல் 4 கிராம் வரை புரதமும் தேவை என்பது இன்றைய பரிந்துரை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளுக்கு 2,000 கலோரி உண்டால், கிலோவுக்கு 33 கலோரிதான் ஆகிறது. அதைப் போல் மூன்று நான்கு மடங்கு இந்தச் சிசுவுக்கு வேண்டும்.

ஒரு காலத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. 1940-களிலும் 1950-களிலும் குறைமாதக் குழந்தைகளுக்கு முதல் இரண்டு மூன்று நாள் எதுவுமே கொடுக்காமல் வைத்திருப்பது பல மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது. பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்ற அச்சமே காரணம். இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவதையும் மஞ்சள் காமாலை கூடுவதையும் கண்ட பிறகே அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

1968-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மருத்துவர்களான ஸ்டான்லி டட்ரிக்கும் டக்ளஸ் வில்மோரும் ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டனர். குடல் ஏறத்தாழ இல்லாமலேயே பிறந்த ஒரு சிசு, இரத்தக் குழாய் வழியே செலுத்திய சத்துகளைக் கொண்டே எடை கூடி வளர்ந்தது. இன்று மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பிறந்த சில மணி நேரத்திலேயே தொப்புள் குழாய் வழியாக அமினோ அமிலமும் சர்க்கரையும் கொழுப்பும் ஏற்றப்படுவது அந்த வழியில் வந்த முன்னேற்றம்தான்.

926 குழந்தைகள் சொன்ன செய்தி

முதல் சில வார ஆகாரம் பின்னாளில் மூளையைப் பாதிக்குமா? இதற்கு விடை தேடிய ஆய்வுகளில் முன்னோடி, இங்கிலாந்தில் ஆலன் லூக்காஸ் தலைமையில் நடந்த ஆய்வு. 1982 முதல் 1985 வரை கேம்பிரிட்ஜ், இப்ஸ்விச், கிங்ஸ் லின், நார்விச், ஷெஃபீல்டு ஆகிய ஐந்து இடங்களில், 1,850 கிராமுக்குக் குறைந்த 926 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டன.

அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சாதாரண பால்மாவும், இன்னொரு பகுதியினருக்குப் புரதமும் தாதுச் சத்தும் கூட்டிய குறைமாதக் குழந்தைக்கான பால்மாவும் குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டன. இந்த வேறுபாடு நீடித்தது சராசரியாக ஒரு மாதம் மட்டுமே. வீடு திரும்பிய பிறகு எல்லாரும் ஒரேவிதமான ஆகாரத்துக்கு வந்துவிட்டனர்.

ஏழரை, எட்டு வயதில் அதே பிள்ளைகளை அழைத்துச் சோதித்தபோது ஆய்வாளர்களே வியந்தனர். சத்துக் குறைந்த பால்மாவை மட்டுமே குடித்த ஆண் பிள்ளைகள், மொழித்திறன் சார்ந்த அறிவுத் தேர்வில் சராசரியாக 12 புள்ளிக்கு மேல் பின்தங்கியிருந்தனர். பெண் பிள்ளைகளிடம் அந்த அளவுக்கு வேறுபாடு இல்லை. பெருமூளை வாதம் எனப்படும் கை கால் முடக்கமும் சத்துக் குறைந்த பிரிவில் கூடுதலாகக் காணப்பட்டது. இவர்களில் சிலருக்குப் பதின்ம வயதில் எடுத்த ஸ்கேனிலும் மூளையின் ஒரு பகுதியின் அளவில் வேறுபாடு தெரிந்தது.

ஒரு மாத ஆகாரத்தின் தடம் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அழியவில்லை. ‘முதலில் உயிர் பிழைக்கட்டும், சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பழைய எண்ணத்தை மருத்துவ உலகம் மாற்றிக்கொள்ள இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

தாய்ப்பாலுக்கு நிகர் எது?

பால்மாவு ஆய்வைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் சத்தான பால்மாவே நல்லது’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே 926 குழந்தைகளிடம் கண்ட இன்னோர் உண்மை அதைவிடப் பெரியது.

குறைமாதக் குழந்தைகளை மிரட்டும் நோய்களில் ஒன்று, குடல் திசு வீங்கி அழுகிப்போகும் நோய். பால் செரித்துக்கொண்டிருந்த குழந்தையின் வயிறு திடீரென உப்பும். மலத்தில் இரத்தம் வரும். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். தாய்ப்பால் மட்டும் கிடைத்த குழந்தைகளைவிட, பால்மாவு மட்டும் குடித்தவர்களிடம் இந்நோய் 6 முதல் 10 மடங்கு அதிகமாக இருந்தது என்று 1990-இல் லூக்காஸ் குழு அறிவித்தது. பிழைத்து எழும் குழந்தைகளுக்கும் இந்நோய் மூளை வளர்ச்சியில் பின்னடைவைத் தரக்கூடும். ஆக, குடலைக் காப்பது மூளையைக் காப்பதும் ஆகும்.

1992-இல் வெளியான மற்றோர் அறிக்கையில், தாய்ப்பாலைக் குழாய் வழியே பெற்ற பிள்ளைகள் எட்டு வயதளவில் அறிவுத் தேர்வில் 8.3 புள்ளி கூடுதலாகப் பெற்றது தெரிந்தது. தாயின் படிப்பு, குடும்ப வசதி ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது. ஆனால் இது குலுக்கல் முறை ஆய்வன்று. பால் கொடுத்த தாய்மார்களின் பிற சிறப்புகளும் அதில் கலந்திருக்கலாம். ஆகையால் புள்ளிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தாய்ப்பால் நன்மை தருகிறது என்ற திசையை மட்டும் எடுத்துக்கொள்வதே முறை.

தாய்ப்பாலுக்கும் ஒரு குறை உண்டு. 100 மில்லிலிட்டர் தாய்ப்பாலில் சுமார் ஒரு கிராம் புரதமே இருக்கிறது. ஒரு கிலோ குழந்தை நாளுக்கு 160 மில்லிலிட்டர் குடித்தாலும் இரண்டு கிராமைத் தொடாது. தேவையோ நான்கு கிராமுக்கு அருகில். நிறைமாதக் குழந்தைக்கென அமைந்த பால், மூன்று மாதம் முந்தி வந்த விருந்தாளிக்குப் போதாமல் போவது இயல்புதான். அதனால்தான் புரதமும் கால்சியமும் பாஸ்பரசும் அடங்கிய ஊட்டப்பொடியைத் தாய்ப்பாலில் கலந்து கொடுக்கின்றனர். பொடி கலப்பதைப் பார்த்து, ‘என் பாலில் சத்தில்லையா?’ என்று எந்தத் தாயும் மனம் நோக வேண்டியதில்லை.

தாயிடம் பால் போதாதபோது, அடுத்த தேர்வு கொடையாளர் தந்த தாய்ப்பால். சிங்கப்பூரின் முதல் தாய்ப்பால் வங்கி 2017-இல் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. பரிசோதிக்கப்பட்ட தாய்மார்களின் பால் சூடாக்கிக் கிருமி நீக்கப்பட்ட பிறகே குழந்தைகளுக்குச் செல்கிறது. 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 483 குழந்தைகளில் கொடைப்பால் பெற்றவர்களிடம் குடல் நோய் 4.2 விழுக்காடும் பால்மாவு பெற்றவர்களிடம் 9 விழுக்காடும் காணப்பட்டது. ஆனால் இரண்டு வயதளவில் மூளை வளர்ச்சியில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. கொடைப்பால் குடலைக் காக்கிறது. பெற்ற தாயின் பாலுக்கு அது முழு மாற்று ஆகாது.

சொட்டுச் சொட்டாக

உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுதல் என்ற மூன்றையும் ஒழுங்காக இணைத்துச் செய்யும் திறன் சுமார் 34 வாரத்தில்தான் குழந்தைக்கு வருகிறது. அதுவரை மெல்லிய குழாய் வழியாகத்தான் வயிற்றுக்குள் பால் செல்லும்.

தொடக்கத்தில் ஒரு கிலோ குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 10 முதல் 20 மில்லிலிட்டர்தான். இரண்டு மணிக்கு ஒரு முறை கொடுத்தால், ஒரு வேளைக்கு அரைத் தேக்கரண்டிகூட வராது. இந்தச் சொட்டுகள் பசி தீர்க்க அல்ல, குடலைப் பழக்க. மற்றச் சத்தெல்லாம் இரத்தக் குழாய் வழியே போய்க்கொண்டிருக்கும். குடல் ஏற்றுக்கொள்ள ஏற்றுக்கொள்ளப் பாலைக் கூட்டி, குழாய் வழிச் சத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

வேகமாகக் கூட்டினால் குடல் கெட்டுவிடும் என்ற பயம் நெடுங்காலம் இருந்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,804 குழந்தைகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு அதைச் சோதித்தது. நாளுக்குக் கிலோவுக்கு 30 மில்லிலிட்டர் கூட்டிய குழந்தைகளுக்கும் 18 மில்லிலிட்டர் கூட்டியவர்களுக்கும் குடல் நோயிலோ இரண்டு வயது வளர்ச்சியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தேவையற்ற தாமதம் இப்போது குறைந்து வருவதற்கு இத்தகைய சான்றுகளே காரணம்.

அதிகம் கொடுத்தால் அறிவு கூடுமா?

எடை நன்றாகக் கூடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியும் நன்றாக இருப்பதை அமெரிக்க மருத்துவமனைகளின் கணக்கு காட்டியுள்ளது. 1,000 கிராம் வரையிலான குழந்தைகளில், நாளுக்குக் கிலோவுக்கு 12 கிராம் என மெதுவாக வளர்ந்தவர்களில் 21 விழுக்காட்டினருக்குப் பெருமூளை வாதம் இருந்தது. 21 கிராம் வளர்ந்தவர்களில் அது 6 விழுக்காடு. 2006-இல் வெளியான கணக்கு இது. ஆனால் நோய் முற்றிய குழந்தைதான் மெதுவாக வளர்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

‘அப்படியானால் இன்னும் கூட்டிக் கொடுப்போமே’ என்று தோன்றலாம். நியூசிலாந்து ஆய்வாளர்கள் அதையும் சோதித்தனர். 1,000 கிராமுக்குக் குறைந்த 434 குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு முதல் ஐந்து நாள், நாளுக்கு ஒரு கிராம் அமினோ அமிலம் கூடுதலாகச் செலுத்தப்பட்டது. 2022-இல் வெளியான முடிவின்படி, இரண்டு வயதில் எந்த நன்மையும் தெரியவில்லை. மாறாக, திடீரென ஊட்டம் கூடியதால் இரத்தத்தில் பாஸ்பரஸ் போன்ற தாதுக்கள் சரியும் கோளாறு அதிகமாயிற்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கேயும் பொருந்துகிறது.

அதே நேரத்தில், சரியான இடத்தில் சரியான சத்து உதவுகிறது. மூளையில் சேரும் டிஎச்ஏ என்ற கொழுப்புச் சத்தை 29 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வில், ஐந்து வயதில் அறிவுத் தேர்வுச் சராசரி ஏறத்தாழ 3.5 புள்ளி கூடியிருந்தது. இதுவும் 2022-இல் வெளியானதுதான். இத்தகைய சத்தை மருத்துவர் முடிவு செய்து கொடுக்க வேண்டும். கடையில் வாங்கி வீட்டில் ஊற்றுவதற்கில்லை.

மருத்துவர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. வாரந்தோறும் நீளத்தையும் தலைச் சுற்றளவையும் அளக்கின்றனர். தலை வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்ந்தால் உள்ளே மூளையும் வளர்கிறது என்று பொருள். எடை மட்டும் ஏறித் தலையும் நீளமும் ஏறாவிட்டால் அது வெறும் கொழுப்பாக இருக்கலாம்.

தாயின் பங்கு

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தையைப் பார்த்து, ‘எல்லாவற்றையும் மருத்துவர்கள்தான் செய்கிறார்கள், எனக்கு என்ன வேலை?’ என்று தாய் கலங்குவது உண்டு. அவரால் மட்டுமே முடிந்த வேலை ஒன்று இருக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் பாலைப் பீய்ச்சி எடுக்கத் தொடங்குவதும், இரவு உட்பட நாளுக்கு எட்டு முறையாவது அதைத் தொடர்வதும்தான் அது. முதல் நாள் சில சொட்டுகளே வரலாம். அந்தச் சொட்டுச் சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியை எந்தத் தொழிற்சாலையாலும் தயாரிக்க முடியாது.

இங்கே குடும்பத்தார் துணை நிற்க வேண்டும். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசலைத் தாண்டக் கூடாது என்று சில வீடுகளில் தடுக்கின்றனர். பத்தியம் என்ற பெயரில் மீன், முட்டை, கீரை, பழம் எனப் பலவற்றை ஒதுக்குகின்றனர். அக்கறையில் செய்வதுதான். ஆனால் பால் சுரக்க வேண்டிய தாய்க்குச் சத்தான சாப்பாடும் ஓய்வும், குழந்தையை அடிக்கடி பார்க்கும் வாய்ப்பும் தேவை. முயன்றும் பால் ஊறாத தாயைக் குற்றவாளியாகப் பார்ப்பதும் தவறு. நோயும் கவலையும் பால் சுரப்பைக் குறைக்கும்.

தாயின் மார்போடு குழந்தையைச் சேர்த்து அணைத்து வைக்கும் கங்காரு முறை, 1978-இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் எட்கர் ரேய் என்ற மருத்துவர் தொடங்கியது. கருவிகள் போதாத நெருக்கடியில் பிறந்த அந்த முறை, பாலும் சுரக்க வைக்கிறது, உயிரும் காக்கிறது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் 3,211 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. பிறந்தவுடனேயே இப்படி அணைத்து வைத்த பிரிவில் 28 நாளுக்குள் இறப்பு 12 விழுக்காடு. உடல்நிலை சீரான பிறகு தொடங்கிய பிரிவில் 15.7 விழுக்காடு. தந்தையும் இப்படி அணைத்து வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

மருத்துவமனையை விட்டு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. தாயிடமிருந்து கடைசி மூன்று மாதத்தில் சேர வேண்டிய இரும்புச் சத்து இக்குழந்தைகளுக்குச் சேரவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் இரும்புச் சத்துச் சொட்டு மருந்தையும் வைட்டமின் டி மருந்தையும் ‘குழந்தைதான் நன்றாக இருக்கிறதே’ என்று பாதியில் நிறுத்திவிடக் கூடாது. இரும்புச் சத்துக் குறைவும் மூளையைப் பாதிக்கும்.

நாக்கில் தேன் தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது போன்றவை வேண்டாம். ஒரு வயது நிறையாத எந்தக் குழந்தைக்கும் தேன் கூடாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்து தசைகளை முடக்கும் நோயை உண்டாக்கக்கூடும்.

வளர்ச்சியைக் கணக்கிடும்போது, பிறந்த தேதியிலிருந்து அல்லாமல் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். மூன்று மாதம் முந்திப் பிறந்த குழந்தை ஒன்பதாவது மாதத்தில் ஆறு மாதக் குழந்தையின் வேலைகளைச் செய்தால் போதும். இரண்டு வயது வரை இந்தக் கணக்கையே மருத்துவர்கள் கையாள்கின்றனர். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் வருந்துவதில் பொருளில்லை. தடுப்பூசியைப் பொறுத்தவரை பிறந்த தேதிதான் கணக்கு.

‘கொழுகொழு’ என்று ஆக்கிக் காட்ட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். தொடக்கத்தில் மிக வேகமாக எடை ஏறிய குறைமாதக் குழந்தைகளிடம், பதின்ம வயதில் இன்சுலின் சரிவர வேலை செய்யாத அறிகுறிகள் தெரிந்ததை லூக்காஸ் குழுவினரின் பிற்கால ஆய்வுகள் காட்டின. நீரிழிவு நோய் அதிகமுள்ள நம் இந்தியச் சமூகத்தில் இது கவனிக்கத்தக்கது.

கண், காது, பேச்சு, நடை ஆகியவற்றுக்கான மறு பரிசோதனைத் தேதிகளைத் தவறவிடாமல் இருப்பதும் முக்கியம். சிறு பின்னடைவு தெரிந்தால் உடனே பயிற்சி தொடங்கலாம். பள்ளி போகும் வயதில் கண்டுபிடித்துத் தவிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு கிலோ குழந்தை நாளுக்கு 15, 20 கிராம் ஏறினால் அது நல்ல வளர்ச்சி. மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியின் எடை அது. இவ்வளவுதானா என்று பெற்றோருக்குச் சலிப்பு வரலாம். அந்தச் சில கிராமில் ஒரு பங்கு மூளைக்குப் போகிறது என்பதை அவர்கள் நினைவில் வைத்தால் போதும். குளிர்சாதனப் பெட்டியில் பெயர் ஒட்டி வைத்த ஒவ்வொரு சிறு புட்டிப் பாலின் மதிப்பும் தெரிந்துவிடும்.